ஊசிப் படிகம்

ஆணியில் தொங்கிய கோட்டு ஈரமாக இருந்தது.

ஆய்வு மாணவி விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக லேபில் யாரும் தொடாத கோட்டு அது. அதற்குச் சொந்தக்காரி உயிரோடு இல்லை.

மூன்றாவது மேசைக்கு ஓடினாள். நேற்று சாயங்காலம் அவள் மூடி வைத்துவிட்டுப் போன குடுவையில் மஞ்சள் பிசுக்கு இல்லை. வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் படிகம். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

வேதியியல் படிக்கிறவர்கள் பேய்க்குப் பயப்படுவதில்லை, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத்தான் பயப்படுவார்கள். ஆனாலும் அவள் "அக்கா, வந்திருந்தீங்களா?" என்று காலி அறையைப் பார்த்துக் கேட்டேவிட்டாள்.

அந்த அக்காவுக்கு லேபில் 'ஊசி' என்று பட்டப்பெயர். இந்தச் சேர்மத்தை முதலில் செய்தவள் அவள்தான். ஊசிப் படிகமாக வந்தது, நூற்று நாற்பத்திரண்டு டிகிரியில் உருகியது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மறுபடி செய்து காட்டச் சொன்னபோது தலைகீழாக நின்றும் வெறும் பிசுக்குதான் வந்தது.

"பழைய படிகத்துல ஒரே ஒரு துணுக்கு உள்ள போட விடுங்க சார், உறைஞ்சிடும்" என்று கெஞ்சினாளாம். வெளியிலிருந்து எதையும் போடக் கூடாது என்று பேராசிரியர் மறுத்துவிட்டார். வேறு ஏதோ பொடியைக் காட்டி ஏமாற்றுகிறாள் என்று ஆய்வையே ரத்து செய்தார்.

அந்த வாரமே அவள் விடுதி மொட்டைமாடியிலிருந்து விழுந்தாள். கால் தவறியது என்று எழுதி முடித்தார்கள். எழுதுகிறவர்களுக்கு அது சுலபம்.

அதே தலைப்பைத்தான் இவளுக்குக் கொடுத்திருந்தார். "அவ சொன்னது பொய்னு நிரூபிச்சுக் காட்டு, பட்டம் உன் கையில" என்றிருந்தார். இப்போது குடுவை எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது.

குடுவைகள் கழுவும் அம்மா வாளியோடு உள்ளே வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். காலையில் லேபைத் திறப்பதும் அவள்தான்.

"அம்மா, இங்க பாருங்களேன். ஊசி அக்கா வந்து போயிருக்காங்க!"

"அந்தப் பொண்ணுக்குப் பேரே கிடையாதா கண்ணு?" அம்மா குடுவையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நல்லதுதானே நடந்திருக்கு. போய் சார்கிட்ட காட்டு."

காட்டினாள். பேராசிரியர் தானே உருகுநிலை பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு. அவர் முகம் செத்துப்போயிற்று.

"என் கண்ணு முன்னாடி செய்."

செய்தாள். அந்தக் குடுவையை அவர் தன் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. பிசுக்கு பிசுக்காகவே கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் எல்லோரையும் மூன்றாவது மேசையைச் சுற்றி நிற்க வைத்துக் குடுவையை டக்கென்று வைத்தார்.

"நீயும் அவளை மாதிரியே ஆரம்பிச்சுட்டியா? என்னத்தைக் கொண்டு வந்து போட்ட?"

"சத்தியமா நான் எதுவும் போடலை சார்."

"அப்ப யாரு, பேயா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேய்தான் என்று அவள் எந்த வாயால் சொல்வாள்?

"இன்னைக்கே கமிட்டிக்கு எழுதறேன். உன் பேரை அடிச்சுடுவாங்க. மூட்டையைக் கட்டு."

இரண்டு வருஷப் படிப்பு இரண்டு வார்த்தையில் போயிற்று. அவள் அழக்கூட இல்லை. அவள் கண்கள் ஜன்னல் வழியே எதிரே இருந்த விடுதியின் மொட்டைமாடிக்குப் போய் அங்கேயே நின்றன.

மூலையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் சட்டென்று நின்றது.

"அந்தப் புள்ளைய விடுங்க சார். போட்டது நான்."

எல்லோரும் திரும்பினார்கள். கழுவுகிற அம்மா, ஆணியில் தொங்கிய கோட்டை ஈரக் கையால் ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

"உங்களுக்கு இதைப் பத்தி என்னம்மா தெரியும்? போய்க் குடுவையைக் கழுவுங்க."

"ஒரே ஒரு துணுக்குதான் சார். பாலுக்கு உறை ஊத்துற மாதிரி."

தன் மேலங்கிப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவில் ஒரு குப்பியை எடுத்தாள். கண்ணாடிக் குச்சியின் நுனியை அதில் தொட்டு, குடுவையின் பிசுக்கில் வைத்து மெல்லத் தேய்த்தாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. அதிலிருந்து ஓர் ஊசி நீண்டது, அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு குடுவை முழுக்க ஊசிகள் சரசரவென்று பரவின.

பேராசிரியர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதே சேர்மத்தின் துணுக்கு பட்டால்தான் இப்படி உறையும் என்று முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர் அவர். செத்துப்போனவள் பொய் சொல்லவில்லை.

குப்பியைக் கையில் வாங்கினார். அதில் ஒட்டியிருந்த சீட்டில் தேதியோடு அவளுடைய சாய்ந்த கையெழுத்து இருந்தது.

"இது... இது எப்படிம்மா உங்ககிட்ட வந்துச்சு?"

"அவ பெட்டியை நீங்கதானே சார் எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சீங்க."