பச்சைக் கரைத் துப்பட்டி

இரவெல்லாம் பொருமிக்கொண்டிருந்த மசூது, விடிந்ததும் மனைவி ஜன்னத்திடம் வெடித்தான்.

"நேத்து டென்ட் கொட்டகையில கவ்பாய் படம் ரீல் அறுந்து நின்னப்ப, பொம்பளைங்க பக்கத்துலேருந்து படத்துல வார குதிரைப் பாட்டை மவுத் ஆர்கன்ல வாசிச்சது யாருட்டி?"

"யாரா இருந்தா என்ன? நல்லா வாசிச்சாங்களா?"

"பேச்சை மாத்தாத. படம் விட்டதும் பாத்தேன், கையில மவுத் ஆர்கனோட முகத்தை மூடிக்கிட்டு ஒருத்தி போனா. பச்சைக் கரைத் துப்பட்டி. கொழும்புலேருந்து நான் வாங்கியாந்தது. தென்காசியில வேற யாருக்கு இருக்கு?"

"எனக்கு மட்டுந்தான்."

"அப்ப ஒத்துக்கிடுதியா?"

"நான் ஒண்ணையும் ஒத்துக்கிடல. ஆனா வாசிச்சது தப்புன்னு மட்டும் என் வாயால வராது."

"எங்கட்டி அந்த மவுத் ஆர்கன்? எடுத்துட்டு வா. குத்தாலத்து அருவியில வீசிட்டு வாரேன்!"

அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் உம்மா, சுளகைக் கீழே வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த மவுத் ஆர்கனை எடுத்து உதட்டில் பொருத்தினாள். அதே குதிரைப் பாட்டு.

"உம்மா... நீங்களா?"

"என் துப்பட்டி ஈரமாக் கெடந்துது. இவளுக்குள்ளதைப் போத்திக்கிட்டுப் போனேன். இவ பாவம், புள்ளையைப் பாத்துக்கிட்டு வீட்டுல கெடந்தா."

மசூது ஜன்னத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அருவியிலயா வீசப் போற? நேத்து நான் வாசிக்கையில ஆம்பளைங்க பக்கத்துலேருந்து, 'இன்னொரு மட்டம் வாசி'ன்னு கத்தி விசிலடிச்சது யாருலே? பெத்தவளுக்கு மகன் விசில் தெரியாதா?"

அவன் தலை கவிழ்ந்தது.

"வெள்ளிக்கிழமை அடுத்த கவ்பாய் படம் போடுதான். புள்ளையை நீ பாத்துக்க. நாங்க ரெண்டு பேரும் போறோம்."