இரவல் குரல்

"அவகிட்ட சொல்லுங்கம்மா, நாங்க அவளை எங்க வீட்டுப் பொண்ணாத்தான் நினைக்கிறோம்னு," என்றார் முதல்வர், சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து.

"நீங்க அவளைப் பாத்தே பேசலாம் சார்."

இரண்டு வருடமாக இதையேதான் சொல்கிறாள். சொல்லும்போதே அவள் கைகள் 'எங்க வீட்டுப் பொண்ணு' வரைக்கும் போய்விட்டிருந்தன.

எதிர் நாற்காலியில் மாணவி தலையாட்டினாள். காது கேட்காத பெண். தத்துவம் படிக்கிறாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி.

சின்னக் கலைக் கல்லூரி. ஓவியமும் வானியலும் தத்துவமும் ஒரே மாடியில். காது கேட்காத பிள்ளை என்று இருப்பது இவள் ஒருத்தி. ஆனால் கையேட்டின் அட்டையைப் பாருங்கள், வாசல் பேனரைப் பாருங்கள், எல்லாவற்றிலும் இவள்தான் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

காது கேட்காதவர்கள் ஆளைப் பார்த்து ஒரு சைகைப் பெயர் வைத்துவிடுவார்கள். முதல்வருக்கு இவள் வைத்தது 'மேஜைத் தட்டி'. பொருளாளருக்கு, 'கண்ணாடி இறக்கி'. மொழிபெயர்ப்பாளருக்கு, வாய்க்கு நேரே விரல்களை விரித்து மூடினால் போதும், 'கொட்டாவி'.

"இது என்னடி பேரு?" என்று முதல் வாரமே சண்டைக்குப் போனாள் கொட்டாவி.

"ஒருநாள் நல்லாத் தூங்கிட்டு வாங்கக்கா, மாத்திடறேன்," என்றன அந்தக் கைகள்.

பெயர் மாறவே இல்லை.

இன்றைக்கும் காலையிலிருந்து ஒரு வகுப்பு விடாமல் கைகளால் பேசிவிட்டு, கழுத்து இழுத்துப் பிடிக்க, இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். 'அனைவரையும் அரவணைக்கும் குழு' என்று கூட்டத்துக்குப் பெயர். பேச வேண்டியது ஒன்றே ஒன்று. கடைசி வருடத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, வேண்டாமா?

"பேசறது அப்படியே எழுத்தா ஃபோன்லயே வருதே," என்றார் பொருளாளர். "ஒரு ஆளைக் கூடவே உக்கார வைக்கணுமா என்ன?"

தன்னை அனுப்பிவிடச் சொல்வதையும் கொட்டாவி ஒரு விரல் பிசகாமல் சொன்னாள். அது இந்த வேலையின் ஒழுங்கு. யார் பேசினாலும் அப்படியே கைக்கு வர வேண்டும். மாணவியின் கை பேசினால் அப்படியே வாய்க்கு வர வேண்டும், 'அவள்' என்றில்லை, 'நான்' என்றே. சொந்தப் பேச்சு ஒரு சொல் கூடாது.

ஃபோன் மற்றவர் பேசுவதை இவளுக்குக் காட்டும், சரிதான். இவள் பேசுவதை மற்றவர்களுக்கு யார் சொல்வது? போன மாதம் ஒரு வாரம் அதை வைத்துச் சோதித்தார்கள். வகுப்பில் வாதம் என்றால் முதல் ஆளாக எழுந்து நிற்கிறவள், அந்த வாரம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இப்படித்தான்னா நான் வீட்டுக்கே போயிடறேன்' என்று கொட்டாவியிடம் சொல்லியும்விட்டாள்.

கூட்டத்துக்கு முன்னால், வராந்தாவில், கொட்டாவி அவளிடம் கெஞ்சாத குறை.

"மறுபடியும் அதே கதையாக்கா? நன்கொடை குடுக்கறவங்களுக்கு, ஃபோட்டோக்காரருக்கு, புதுசா வர்ற ஒவ்வொரு வாத்தியாருக்கும் சொல்லியாச்சு. கை வலிக்குது."

"இந்த ஒருதடவை சொல்லிடு. உன் படிப்புடி."

இப்போது முதல்வர் மேஜையைத் தட்டினார். "சரி, பொண்ணு ஏதாவது சொல்லணும்னா சொல்லட்டும்."

எல்லோரும் கொட்டாவியின் வாயைப் பார்த்தார்கள். எப்போதும் அப்படித்தான். குரல் வருகிற பக்கம்தானே கண் போகும்.

கொட்டாவி கேட்டாள், கையால். மாணவியையே பார்த்தபடி இருந்தாள். ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் ஆகியிருக்கும். பிறகு குரல் வந்தது.

"நான் இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு வகுப்பு விட்டதில்ல. எனக்கு அலுத்துப்போச்சு சார். படிக்கறது அலுக்கல. நான் இங்க இருக்கலாமா, இருக்கலாமான்னு உங்ககிட்ட வந்து கேக்கறதுதான் அலுத்துப்போச்சு. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தி இல்லன்னா, இன்னொருத்தி இந்த ரூம்ல வெறும் நாற்காலி. அட்டையில போட என் மூஞ்சி வேணும். வகுப்புல என் பேச்சு வேண்டாமா?"



பொருளாளர் கண்ணாடியை இறக்கித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "விடுங்க," என்றார் கடைசியில். "இந்த அம்மாவே இருக்கட்டும். கடைசி வருஷம்தானே."

யாரும் மறுக்கவில்லை.

கொட்டாவி முடிவைக் கையில் சொன்னாள். மாணவியின் கண்கள் விரிந்தன.

"என்ன அழகாப் பேசிட்டா பாருங்க!" என்று முதல்வர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

அதையும் சொல்லத்தானே வேண்டும்? கொட்டாவியின் கைகள் கொஞ்சம் தயங்கின. நீ அழகாகப் பேசினாய் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டன.

மாணவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மேஜைக்கு அடியில், மடியில் கோத்து வைத்திருந்த கைகளைப் பிரித்து, இந்தக் கூட்டம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, மேலே எடுத்தாள்.

"அட, இன்னும் ஏதோ சொல்லுது. என்னம்மா சொல்லுது?" என்றார் முதல்வர், கொட்டாவியைப் பார்த்து.

'அக்கா, நான் என்ன பேசினேன்?'