மாப்பிள்ளைக்கு இறால் ஆகாது

"உடனே விழுங்கிடாதீங்க மேடம். நாக்குல ஒரு சுத்து சுத்த விடுங்க," என்றார் ஒயின் கம்பெனிக்காரர்.

அவள் அப்படியே செய்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டாள்.

"சுருக்குன்னு இருக்கு. பச்சை ஆப்பிளைக் கடிச்ச மாதிரி."

"அதேதான்! சிலி நாட்டு வெள்ளை ஒயின். கடலோரத் தோட்டத்துத் திராட்சை. குளிர்காத்துல நிதானமாப் பழுக்கிறதால புளிப்பு போகாம அப்படியே நிக்கும். முகர்ந்து பாருங்க, எலுமிச்சைத் தோல் வாசனை வரும். அப்புறம், அப்பதான் வெட்டின புல்லு வாசனை."

மதியக் கூட்டம் கலைந்துபோன உணவகத்தின் சமையலறை அது. மூலையில் பாத்திரம் கழுவும் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. உணவகத்தின் சொந்தக்காரரே அங்கே தலைமைச் சமையல்காரரும்கூட. அடுப்பிலிருந்து இறக்கிய இறாலை ஸ்டீல் மேசைமேல் இருந்த தட்டில் சரித்தார். பூண்டு மணம் ஆளைத் தூக்கியது.

"கல்யாண விருந்துல முதல் தட்டு இதுதான். இந்த ஒயினுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது," என்றார்.

"இறால் வேண்டாமே," என்றாள் அவள்.

"ஏன்? என் இறாலுக்கு என்ன குறைச்சல்?"

"மாப்பிள்ளைக்கு ஆகாது. ஒண்ணு வாயில போட்டாலும் உடம்பெல்லாம் தடிச்சிடும்."

"அவர் ஒருத்தருக்காக மத்த எல்லாரும் வாயைக் கட்டணுமா? அவருக்குத் தனியா ஏதாவது பண்ணிக் கொடுத்துடறேன்."

"அவர் கல்யாணத்துல அவரையே ஓரமா உட்கார வச்சு, பத்தியச் சாப்பாடு போடுவீங்களா? நல்லா இருக்கு நியாயம்!"

ஒயின்காரர் சிரித்துவிட்டார். "மாமியார்னா இப்படி இருக்கணும் மேடம். மாப்பிள்ளை கொடுத்துவச்சவர்."

சமையல்காரருக்குப் புரையேறியது. அவள் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த தட்டை இழுத்துக்கொண்டாள். க்ரீம் ஊற்றிச் சமைத்த கோழி. ஒரு துண்டு சாப்பிட்டாள், ஒரு மடக்கு ஒயின் குடித்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"ம்ஹூம். கோழி ஒரு பக்கம் போகுது, ஒயின் ஒரு பக்கம் போகுது."

"க்ரீம் நாக்குல படிஞ்சிடும் சார்," என்றார் ஒயின்காரர் தயங்கியபடி. "அதுக்கு மேல குடிச்சா வெறும் புளித்தண்ணி மாதிரிதான் தெரியும்."

"எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"உங்களுக்கு வெண்ணெய் இருந்தா எதுவும் நல்லா இருக்கும்," என்றாள் அவள்.

"பாருங்க சார். இருபது வருஷம் இந்த நாக்கோட மல்லுக்கட்டியிருக்கேன். அமிர்தத்தைக் கொடுத்தாலும் உப்பு ஒரு கல்லு கம்மின்னு சொல்ற நாக்கு."

"கம்மியா இருந்தா கம்மின்னுதானே சொல்ல முடியும்?"

ஆட்டுப்பால் சீஸும் வெள்ளரிக்காயும் மட்டும் தேறின. ஆனால் அது கொறிக்கத்தான் ஆகும், பந்திக்கு ஆகாது. சமையல்காரர் ஒதுக்கிய தட்டுகளைப் பார்த்தபடி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் குரல் இறங்கியது.

"உங்களுக்குச் சிரமம்னா விட்டுடுங்க. நான் வேற இடத்துல பாத்துக்கறேன்."

"சாப்பாடு என் கையாலதான் இருக்கணும்னு கேட்டது நீ. நானும் சரின்னுட்டேன். இப்ப பாதியில விடறதுக்கா?"

இறால் தட்டை ஓரமாகத் தள்ளினார். குளிர்ப்பெட்டியிலிருந்து மீனை எடுத்து, கண்ணாடி போல மெலிதாகச் சீவினார். எலுமிச்சைச் சாறு, உப்பு, நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை. அடுப்புப் பக்கமே போகவில்லை. சாற்றில் ஊறி மீன் வெளுக்கும்வரை காத்திருந்து, முள்கரண்டியை அவளிடம் நீட்டினார்.

அவள் மென்றாள். ஒயினைக் குடித்தாள். அப்புறம் யாரும் சொல்லாமலேயே இன்னொரு துண்டு எடுத்தாள்.

"இதுதான்," என்றாள்.

"உப்பு?"

"சரியா இருக்கு."

சமையல்காரர் ஒயின்காரரைப் பார்த்தார். "கேட்டீங்களா? எழுதி வாங்கிக்கணும் போல இருக்கு."

"மீனும் ஒயினும் ஒரே கடல்காத்து பட்டு வளர்ந்த மாதிரி இருக்கு சார்!" என்றார் ஒயின்காரர், வாயில் மீனோடு. "ஒண்ணே ஒண்ணு, ஒயினை ரொம்பக் குளிர வச்சுடாதீங்க. வாசனை செத்துடும்."

பின்கதவைத் தள்ளிக்கொண்டு அவர்களுடைய மகள் உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, பிரமாதம்! அம்மா, கிளம்பலாமா? அவர் வெளியே கார்லயே உட்கார்ந்திருக்கார். கூப்பிட்டா வர மாட்டேங்கறார், கூச்சப்படறார்."

ஒயின்காரர் எழுந்து நின்று கை கூப்பினார். "வாழ்த்துகள்மா! உங்க கல்யாணத்துக்காக உங்க அப்பாவும் அம்மாவும் இங்க ஒரு போரே நடத்தி முடிச்சிட்டாங்க."

"ஐயோ, எனக்கு இல்ல சார்! நான் இன்னும் காலேஜே முடிக்கல," என்று சிரித்தாள் மகள். "அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. கல்யாணம் அம்மாவுக்கு."

அதற்குள் சமையல்காரர் பின்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, வெளியே நின்ற காரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "உள்ள வாங்க மாப்பிள்ளை சார்! உங்க கல்யாணச் சாப்பாட்டை நீங்க ருசி பார்க்க வேண்டாமா?"