அடுக்களைக்கு நடுவில் ஒரு மேடை

"உள்ள வந்து பாரேம்மா."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றாள் பொன்னுத்தாய். கையில் டீத் தூக்கோடு, கொல்லைப்புற வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

மகள் சுடர்விழிக்கு எரிச்சல் வந்தது. உப்புத்தாளை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். புயலில் சாய்ந்த பலாமரத்தை அறுத்து, பன்னிரண்டு நாள் லீவு போட்டு அவளே செய்த மேடை. அடுக்களைக்கு நடுவில், நாலு பக்கமும் நின்று வேலை பார்க்கிற மாதிரி. மேல்பலகையில் பூசிய வார்னிஷ் காய்ந்துவிட்டது. கீழ் அலமாரிக் கதவுகளுக்குத்தான் கடைசிப் பூச்சு பாக்கி.

"தெரியறது இருக்கட்டும். கைய வச்சு, உசரம் சரியான்னு சொல்லு."

"கால்ல சேறுடி."

"நீ இன்னிக்கு வயப்பக்கமே போகல."

"போகலைன்னா சேறு இருக்காதா?"

இருபத்தெட்டு வருஷம் இந்த வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டியவள். பாத்திரத்தைக் கொல்லையிலேயே தேய்த்துக் கவிழ்ப்பாள். உள்ளே எடுத்து வைக்க வேறு ஆள் வரும். இந்தப் படியை ஒருநாளும் தாண்டியதில்லை. இன்றைக்கு எப்படியாவது தாண்ட வைத்துவிட வேண்டும் என்றுதான் சுடர்விழி காலையிலிருந்து நிலைகொள்ளாமல் இருந்தாள்.

கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த விஜயம் மாமி எழுந்து வந்தார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஐம்பது வருஷம் ஆனவர். மேடையை ஒரு சுற்று சுற்றினார்.

"நடு வழியில எதுக்குடி இத்தனை பெரிசா?"

"செவுத்தையே பாத்துக்கிட்டுச் சமைக்க வேணாம்ல மாமி."

"எங்க பொண்ணு ஸ்ம்ருதி ஆத்துலயும் ஒண்ணு இருக்கு. கல்லு போட்டு வழவழன்னு. நாளைக்குப் போய்ச் சொல்றேன், நம்மூர்லயும் வந்தாச்சுன்னு." பலகையைத் தடவினார். "இன்ஜினியரிங் படிச்சுட்டு ஆசாரி வேலை எதுக்கு உனக்கு?"

"மூணு ஆசாரி வந்தாங்க. செவுத்தோரமா ஒரு பலகை அடிச்சாப் போதாதான்னு மூணு பேரும் எனக்குப் பாடம் நடத்துனாங்க. அனுப்பிட்டேன்."

"வாய் மட்டும் குறையல."

"ஐயரம்மாகிட்ட மெதுவாப் பேசுடி" என்று வாசலிலிருந்து அதட்டல் வந்தது.

"நீ உள்ள வந்து அதட்டு."

பொன்னுத்தாய் அசையவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. சுடர்விழி பிரஷ்ஷை வார்னிஷில் தோய்த்தாள். தரையில் ரெண்டு சொட்டு விழுந்தது. துடைத்தாள். பூசினாள். பூசிய இடத்தையே மறுபடியும் பூசினாள்.

மாமிக்கே பொறுக்கவில்லை. "அவதான் இத்தனை தரம் கூப்பிடறாளே. நான் சொல்றேன், உள்ள வா பொன்னுத்தாயி."

பொன்னுத்தாய் உடனே தூக்கைக் கீழே வைத்தாள். முந்தானையால் பாதத்தைத் துடைத்துக்கொண்டு, படியில் கால் வைக்கப் போனாள்.

"நில்லும்மா."

சுடர்விழி பிரஷ்ஷோடு வந்து வாசலை மறித்து நின்றாள்.

"அவங்க சொல்லி நீ வராத. சுத்திக்கிட்டு முன்வாசல் வழியா வா. போன மாசம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நீ கையெழுத்துப் போட்டு வாங்குனது கொல்லைப்புறத்தை மட்டும் இல்ல, இந்த முழு வீட்டையும்."