தவக்காலத்தில் ஒரு சீடி

மாக்கிரட் வீட்டில் கூடியிருந்தவர்கள் சிலுவைப் பாதையின் மூன்றாம் நிலைச் செபத்தைத் தொடங்க, பக்கத்து வீட்டில் பாட்டும் தொடங்கியது.

பேர்போன சோல், ஃபங்க் இசைப் பாடகர் ஒருவரின் ஹிட் பாட்டுகள் பதினெட்டையும் சேர்த்துப் போட்ட சீடி. ஒரு மாதமாய்க் கேட்டுக் கேட்டு எந்தப் பாட்டுக்குப் பிறகு எது வரும் என்பதுகூட மாக்கிரட்டுக்குப் பாடம்.

பியர்பொன்ட்ஸ் புறநகரின் அந்த ஒட்டு வீடுகளுக்கு நடுவே இருந்தது ஒரேயொரு சுவர்தான். ட்றம்ஸ் அடிக்க அடிக்கச் சுவரில் மாட்டியிருந்த திருக்குடும்பப் படம் அதிர்ந்தது.

“தவக்கால வெள்ளிக்கிழமையிலை போடுற பாட்டே இது?” அல்போன்சம்மா செபப் புத்தகத்தை மூடினாள். “செலீன்ரை மனுசன் சவிரிமுத்து நடுக்க வருத்தத்தோடை வீட்டுக்கை கிடக்குது. அவளுக்கு ஆட்டம் கேக்குது.”

“இருங்கோ, வாறன்.”

மாக்கிரட் சப்பாத்தைக்கூடச் சரியாகக் கொளுவாமல் பனிக்குள் இறங்கினாள்.

மூன்றாம் முறை மணி அடித்த பிறகுதான் செலீன் கதவைப் பாதி திறந்தாள். முகமெல்லாம் வியர்வை. மூச்சு வாங்கியது.

“ஆடிக்கொண்டு நிக்கிறியோ?”

“ஓம் எண்டே வச்சுக்கொள்ளுங்கோ, அக்கா.”

“அங்கை சிலுவைப் பாதை நடக்குது. பாட்டை நிப்பாட்டு.”

“ஏலாது.”

“அரை மணித்தியாலம் பொறுக்கேலாதோ?”

“இந்த அரை மணித்தியாலந்தான் எனக்கு வேணும்.”

“பாதரிட்டைச் சொல்லுவன்!”

“சொல்லுங்கோ. ஆண்டவரிட்டையும் சேத்துச் சொல்லுங்கோ. நான் நிப்பாட்ட மாட்டன்.”

மாக்கிரட்டுக்குக் கோபம் ஏறிவிட்டது. கதவுக்குப் பின்னால் சின்ன மேசையில்தான் சீடி பெட்டி இருந்தது. செலீனைத் தள்ளிக்கொண்டு போய் ஒரே அமத்து.

பாட்டு நின்றது.

“செலீன்!”

உள்ளேயிருந்து ஆண் குரல். வீட்டுக்குள் நடைவழியின் நடுவில் சவிரிமுத்து. ஒரு கால் முன்னால். மற்றக் கால் நிலத்தோடு ஒட்டியதுபோல. உடம்பு முன்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

செலீன் பாய்ந்து போய் அவரை நெஞ்சோடு தாங்கினாள்.

“போடுங்கோ அக்கா! பாட்டில்லாட்டி அவருக்குக் கால் எழும்பாது!”

மாக்கிரட் பட்டனைத் தேடினாள். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் அமத்தினாள்.

ட்றம்ஸ் முழங்கியது. சவிரிமுத்துவின் கால் எழுந்தது. ஓரடி. இன்னோரடி.

“ஜான்-டலோன் சந்தையிலை நான் மரக்கறிப் பெட்டி தூக்கேக்கை, நாள் முழுக்க இந்த ஆளின்ரை பாட்டுத்தான் ஓடும்,” என்றார் நடந்துகொண்டே. “வேதப் பாட்டும் போட்டுப் பாத்தம். கால் அசையேல்லை.”

செலீன் முகத்தைத் துடைத்தாள். “முதல் பாட்டுக்குக் குசினி வரைக்கும் வருவார். அஞ்சாம் பாட்டுக்கு யன்னலடி. நாலாவதைத் தாண்டி விடவேணும், அது வலு வேகம், விழுத்திப்போடும். நடுக்கத்துக்குப் போடுற குளிசை வேலை செய்யிற இந்த அரை மணித்தியாலத்துக்குள்ளை நடந்தால்தான் உண்டு.”

“இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை?”

“அவருக்கு விருப்பமில்லை. பாவம் பாத்துக்கொண்டு ஒருத்தரும் வாசல்படி ஏறக்கூடாதாம். செலீன் ஆடுறாள் எண்டு கதைச்சால் கதைக்கட்டும். அதை நான் தாங்குவன்.”

“பாவம் பாக்க வந்தவவெண்டால் போகச் சொல்லு,” என்றார் சவிரிமுத்து, திரும்பிப் பாராமலே.

“நான் சண்டைக்கு வந்தனான்,” என்றாள் மாக்கிரட்.

அவர் சிரித்தார். கால் நிற்கவில்லை.

மாக்கிரட் திரும்பி வந்தபோது எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். சுவர் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

“நிப்பாட்டச் சொன்னியளே?” அல்போன்சம்மா கேட்டாள்.

மாக்கிரட் முழந்தாளில் நின்று செபப் புத்தகத்தைப் பிரித்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் உரத்துச் செபியுங்கோ. சத்தத்தை இன்னும் கூட்டச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்.”