தேத்தண்ணிக்கு முன்னால்

"மாத்திரை எங்க போகுது நிரஞ்சலா? நீ திங்கிறியா, இல்ல தூக்கி வீசுறியா?"

மருத்துவிச்சி விஜயலெட்சுமி குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அடுத்த வீட்டில் ரேடியோ சத்தம் சட்டென்று குறைந்தது. தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர், அதன் கனம் அவ்வளவுதான்.

நிரஞ்சலாவுக்குக் காது மடல் சுட்டது. ஐந்து மாத வயிற்றோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நேற்று கிளினிக்கிலும் இதே கேள்வி. அத்தனை பெண்களுக்கு முன்னால், வயிற்றுப் பிள்ளைமேல் அக்கறையில்லாதவள் என்கிற மாதிரி டொக்டர் பேசியிருந்தார். போன வருஷம் ஒரு கருவைப் பறிகொடுத்தவளிடம்.

பெரிய வியாதி ஒன்றுமில்லை. கழுத்திலிருக்கும் தைரொய்ட் சுரப்பி கொஞ்சம் மந்தமாக வேலை செய்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அரை மணி கழித்துத் தேத்தண்ணி. ஒழுங்காகப் போட்டால் தாய்க்குப் பயமில்லை, பிள்ளைக்கு மூளையும் நல்லபடி வளரும் என்று இதே வீட்டில் வைத்து விஜயலெட்சுமிதான் விளக்கியிருந்தாள். நிரஞ்சலாவும் விடாமல் போட்டாள். ஆனால் அடுத்த கிளினிக் வருமுன்பே அட்டை காலியாகிவிடும். மறுபடி போய்க் கேட்க வெட்கப்பட்டு, மிச்ச நாட்களை வெறும் தேத்தண்ணியோடு ஓட்டினாள். இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிட்டது.

"நான் வீசல மிஸ்." சற்றுத் தயங்கினாள். "வீசுறது யாருன்னு இன்னைக்குத்தான் பார்த்தேன்."

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மாமியார் பெரியாயியின் கை நின்றது.

நிரஞ்சலா எல்லாவற்றையும் கொட்டினாள். விடியற்காலையில், வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு நேரத்துக்கு முன் மாமி அலமாரியைத் திறந்ததை, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கியதை, அதைக் கைக்குள் மூடிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனதை. அதோடு நிற்கவில்லை. தான் முழுகாமல் இருப்பது தெரிந்து கொஞ்ச நாளிலிருந்தே மாமி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விசாரிக்க யாராவது வந்தால் உள்ளே போய்விடுகிறார். வளைகாப்பைப் பற்றிக் கேட்டால், அவள் தாய் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்கிறார்.

"மாமிக்கு இந்தப் புள்ள வேணாம் மிஸ்."

வெலிமடை மரக்கறிக் கடை வேலைக்கு இன்று லீவு போட்டிருந்த கணவன் சதீஸ்குமார் எழுந்தான். பெரியாயி சின்ன வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். மகனோடு நின்றால் அக்கா என்பார்கள். இதுவரை அவன் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என் புள்ளமேல ஒனக்கு என்னம்மா கோவம்?"

பெரியாயி மாவுக் கையைச் சேலையில் துடைத்தாள். தலை நிமிரவில்லை.

"அப்பா, நீங்களாவது கேளுங்க."

ஃபெக்டரியில் ராத்திரி வேலை முடித்து வந்து வாசலோரம் குந்தியிருந்த இராசையா, தரையில் எதையோ தேடுகிறவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீசல சதீசு," என்றாள் பெரியாயி கடைசியில். "நான்தான் முழுங்குனேன்."

அவன் கசப்பாகச் சிரித்தான். "முழுங்குறதுக்கு அது என்ன டொபியா?"

விஜயலெட்சுமி அவனைக் கையமர்த்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். உங்களுக்கும் தைரொய்ட் என்று டொக்டர் யாராவது பார்த்துச் சொன்னார்களா, இரத்தம் சோதித்தார்களா என்று கேட்டாள். இரண்டுக்கும் பெரியாயி இல்லையென்று தலையாட்டினாள். மருத்துவிச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. சோதிக்காமல் இன்னொருத்தர் மருந்தை விழுங்குவது ஆபத்து என்றாள். அதைவிட மோசம், உங்களால் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டியது சேரவில்லை என்றாள்.

பெரியாயியின் கண் நிறைந்தது. "அது தெரியாது மிஸ். கவுருமென்டு மாத்திரதானே, தீந்தா மறுபடி குடுப்பாங்கன்னு நெனச்சேன். இவ கேக்காம இருப்பான்னு கண்டேனா?"

நிரஞ்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அழுகையை அவள் நம்பவில்லை.

"ஒடம்புக்கு முடியலன்னா நேரா கிளினிக் வந்திருக்கலாமே?"

"வெக்கமா இருந்துச்சு."

"தைரொய்டுக்கு என்னங்க வெக்கம்? ஊர்ல எத்தன பேருக்கு இருக்கு."

பெரியாயி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். இராசையா இன்னும் குனிந்தேதான் இருந்தார்.

"மருமக உக்காந்திருக்கிற பெஞ்சுல, நானும் போயி எப்பிடி மிஸ் உக்காருவேன்? லயமே சிரிக்காதா?"

விஜயலெட்சுமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோபம் பாதி இறங்கியது. "அது புள்ளத்தாச்சிங்க பெஞ்சு. ஒங்கள யாரு அங்க உக்காரச் சொன்னா? மத்தவங்களுக்கு வேற எடம், வேற நாளு."

பெரியாயி முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கும் அந்தப் பெஞ்சுதான் மிஸ். நாலு மாசமாச்சு. இந்த வயசுல வர்ற புள்ளைக்கு மூள கொறஞ்சிரக் கூடாதேன்னுதான்..."

இராசையா எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல், யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.