நல்லா இருக்கேனுங்க

பொள்ளாச்சியில் பேக்கரி நடத்தும் துளசிமணிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தாங்க முடியாத வயிற்று வலி. விடுமுறை நாளில் கிளினிக்குக்கு டோக்கன் கொடுப்பது போனில் வரும் ஒரு குரல்தான். ஆளில்லாத கம்ப்யூட்டர் குரல் என்றாலும் மரியாதை தெரிந்த குரல்.

“வணக்கமுங்க துளசிமணியக்கா. நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேனுங்க,” என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“ரொம்ப சந்தோசமுங்க,” என்று குரல் போனை வைத்துவிட்டது. நன்றாக இருப்பவர்களுக்கு டோக்கன் கிடையாது. மறுபடி கூப்பிட ஒரு மணி நேரம் ஆக வேண்டும். நோயாளிதான் பேச வேண்டும். வீட்டுக்காரர் பேசினால் செல்லாது.

இரண்டாம் முறையும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை, “நீங்க நல்லா இருக்கீங்களா?” என்று திருப்பி வேறு விசாரித்தாள். கணவர் குப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

“இருவது வருசமா கல்லாவுல உக்காந்து வர்றவங்ககிட்டயெல்லாம் இதையே சொன்ன வாயிங்க. நான் என்ன பண்ணட்டும்?” என்று சுருண்டு படுத்தாள்.

நான்காம் முறை கூப்பிட்டு, குரல் போனை எடுத்ததும் குப்புராஜ் அவள் வாயில் ஒரு பன்னைத் திணித்தார். கேள்விக்கு முனகல் மட்டுமே பதிலாகப் போனது. குரல் பதறிவிட்டது. “உடனே வாங்கக்கா, முதல் டோக்கன் உங்களுக்குத்தானுங்க.”

கிளினிக்கில் டாக்டர் சிரித்த முகமாக நிமிர்ந்தார். “வாங்கக்கா, எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேனுங்க டாக்டர்.”

“ரொம்ப சந்தோசமுங்க. அடுத்த டோக்கன் வாங்க,” என்றது கூரையிலிருந்து அதே குரல்.

குப்புராஜ் அவசரமாகப் பையைத் துழாவினார். பன் இல்லை.